பழைய கணிப்பொறியும் புதிய வலையும்

செட்டிநாட்டின் பெரிய வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று அமைந்துள்ள ஊர் இளையாத்தங்குடி. அப்பக்கத்துப் பழைய வீடொன்றின் வாசலில் நின்று உள்ளே பாருங்கள். முகப்பு, அதைத் தாண்டினால் வளவு, அதற்குப்பின் இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி என்று வீடு ஒரே நேராக நீண்டு செல்லும். கதவுகள் எல்லாம் திறந்திருந்தால், முன்வாசலில் நிற்பவருக்குப் பின்வாசலின் வெளிச்சம் தெரியும். இடையில் ஒரே ஒரு கதவு சாத்தியிருந்தாலும் போதும், ஒன்றும் தெரியாது.

கணிப்பொறி வலையோடு இணைவதும் இப்படித்தான். அதை இன்று பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அத்தகைய வீடொன்றில் இரண்டு பழைய பொறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, மூத்த அண்ணன் பள்ளியில் பெற்ற மடிக்கணினி. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது நினைவிருக்கலாம். அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அப்பொறிகளில், விண்டோசோடு ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் சேர்த்துத் தரப்பட்டது. இரண்டாவது, அதற்கும் முந்திய மேசைக் கணிப்பொறி. விண்டோஸ் எக்ஸ்.பி. உள்ளது, நினைவகம் 512 மெகாபைட்.

இரண்டிலும் இப்போது இணையம் வரவில்லை. “பழசு, காயலான் கடைக்குப் போடு” என்கிறார் வீட்டில் ஒருவர். “நேற்றுவரை ஓடியதுதானே, எதையாவது இறக்கிப் போட்டால் வந்துவிடும்” என்கிறார் மற்றொருவர். இருவர் சொல்வதும் முழு உண்மை அன்று. எந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்று முதலில் கண்டறிய வேண்டும். அதன் பிறகே மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்கு கட்டுகள்

ஒரு கணிப்பொறி வலையை அடைய நான்கு கட்டுகளைக் கடக்கிறது.

முதற்கட்டு, வன்பொருள். கேபிள் செருகும் வலையட்டை, வைஃபை அட்டை, அல்லது பழைய நாளைய மோடம்.

இரண்டாங்கட்டு, இயக்கி மென்பொருள். இந்த அட்டையிடம் எப்படிப் பேசுவது என்று இயங்குதளத்துக்குச் சொல்லித்தருவது இது. ஒவ்வோர் அட்டைக்கும் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனி இயக்கி வேண்டும். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு எழுதிய இயக்கி விண்டோஸ் 10இல் பெரும்பாலும் ஓடாது.

மூன்றாங்கட்டு, நெறிமுறை. இரு பொறிகளும் எந்த ஒழுங்கில் செய்தி பரிமாறிக்கொள்வது என்னும் உடன்பாடு.

நான்காங்கட்டு, பயன்பாட்டு மென்பொருள். உலவி, அஞ்சல், கோப்புப் பகிர்வு முதலியவை.

மூன்றாவதைச் சற்று விளக்க வேண்டும். நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை நடத்திய காலத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊரில் எழுதிய உண்டியலைக் கடல் கடந்து வேறோர் ஊரில் ஒருவர் வாங்கிப் பார்த்துப் பணம் கொடுத்தார். எப்படி முடிந்தது? தொகை எப்படி எழுதப்படும், தவணை எங்கே குறிக்கப்படும், யார் கையெழுத்து செல்லும் என்பனவற்றில் இரு தரப்பும் முன்பே உடன்பட்டிருந்தன. காகிதம் எவ்வளவு நல்லதாயிருந்தாலும் அந்த உடன்பாடு இல்லையெனில் அது வெறுங்காகிதமே.

கணிப்பொறிகளின் உடன்பாடும் ஒரு காலத்தில் பலவாறாக இருந்தது. 1980களிலும் 1990களிலும் அலுவலகங்களில் நாவெல் நிறுவனத்தின் ஐ.பி.எக்ஸ். ஓடியது, சிறு வலைகளில் நெட்பியூய் ஓடியது. ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. 1983ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலை டி.சி.பி./ஐ.பி. என்னும் நெறிமுறைக்கு மாறியது. பின்னாளில் இணையம் முழுவதற்கும் அதுவே பொதுமொழி ஆயிற்று. இன்று எந்தப் பழைய பொறியும் இணையத்தை அடைய வேண்டுமானால், அதில் டி.சி.பி./ஐ.பி. இருந்தே ஆக வேண்டும்.

1995இல் நடந்தது

இதே சிக்கலை முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நம் நாட்டார் எதிர்கொண்டனர். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியது. சென்னையும் அதைத் தொடக்கத்திலேயே பெற்ற நகரங்களுள் ஒன்று.

அப்போது மக்களிடமிருந்த பொறிகள் எவை? பலவற்றில் டாஸ் அல்லது விண்டோஸ் 3.1. அந்த விண்டோஸ் 3.1இல் டி.சி.பி./ஐ.பி. கிடையாது! மோடம் இருக்கிறது, தொலைபேசிக் கம்பி இருக்கிறது, மூன்றாங்கட்டின் கதவுமட்டும் இல்லை. வேகமும் மிகக் குறைவு. நொடிக்கு 28,800 பிட் அனுப்பும் மோடத்தில், இன்றைய ஒரு மெகாபைட் படம் வந்து சேர ஏறத்தாழ நாலரை நிமிடம் ஆகும். (80,00,000 பிட்டை 28,800ஆல் வகுத்துப் பாருங்கள்.)

இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் இன்றைக்கும் பாடமாகும்.

முதல் வழி, இல்லாத கதவைத் தனியே வாங்கி மாட்டுவது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த பீட்டர் டாட்டம் என்பவர் ‘டிரம்பெட் வின்சாக்’ என்னும் சிறிய மென்பொருளை எழுதினார். அதை நிறுவினால் விண்டோஸ் 3.1 டி.சி.பி./ஐ.பி. பேசும். உலவியை எழுதியவர் வேறு, இதை எழுதியவர் வேறு. பின் இரண்டும் எப்படிப் பொருந்தின? ‘வின்சாக்’ என்பது மூன்றாங்கட்டுக்கும் நான்காங்கட்டுக்கும் நடுவில் உள்ள நிலையின் அளவு. அந்த அளவைப் பல நிறுவனங்கள் கூடிப் பொதுவாக வகுத்திருந்தன. நிலையின் அளவு தெரிந்தால் எந்தத் தச்சர் செய்த கதவும் பொருந்துமல்லவா? அதுபோலத்தான்.

இரண்டாவது வழி, கதவே வேண்டாத வழி. ‘ஷெல்’ கணக்கு என்றொன்று தந்தார்கள். பயனாளியின் பொறி வெறும் எழுத்துத்திரையாக நடந்துகொள்ளும். விசைப்பலகையில் தட்டுவதை மோடம் வழியே அனுப்பும். வருகிற எழுத்துகளைக் காட்டும். அவ்வளவுதான். இணையத்தோடு பேசும் வேலை முழுவதையும் மறுமுனையில் இருந்த நிறுவனத்தின் பெரிய கணிப்பொறி செய்தது. படம் தெரியாது. ஆனால் மிகப் பழைய டாஸ் பொறியிலும் மின்னஞ்சல் படிக்க முடிந்தது.

இதிலிருந்து இரண்டு கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டு குறைகிறது? அந்த வேலையை இந்தப் பொறியே செய்ய வேண்டுமா, வேறொன்று இதற்காகச் செய்யலாமா?

கதவு கதவாகப் பார்ப்போம்

இப்போது நம் இரண்டு பொறிகளுக்கு வருவோம்.

முதற்கட்டில் கேபிள் வலையட்டை அநேகமாகத் தொல்லை தராது. இருபது ஆண்டுகளுக்கு முந்திய ஈதர்நெட் அட்டையும் இன்றைய ரவுட்டரோடு பேசிவிடும்; இரு முனைகளும் இருவருக்கும் இயன்ற வேகத்தைத் தாமே பேசி முடிவு செய்துகொள்ளும். வைஃபை அப்படி அன்று. பழைய அட்டைகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்குவன. 5 கிகாஹெர்ட்சில் ஒலிபரப்பும் ரவுட்டர் அவற்றின் கண்ணுக்கே தெரியாது. மறைகுறி முறையும் பொருந்த வேண்டும். 2004இல் வகுத்த டபிள்யு.பி.ஏ.2 முறையை அறியாத அட்டைகள் உண்டு. அவற்றுக்காக ரவுட்டரைப் பழைய டபிள்யு.இ.பி. முறைக்கு மாற்றாதீர்கள். அந்தப் பூட்டை உடைப்பது மிக எளிது; ஒரு பொறிக்காக வீட்டிலுள்ள எல்லாப் பொறிகளும் திறந்த வீட்டில் கிடக்கும். கேபிளைப் பயன்படுத்துங்கள், அல்லது யு.எஸ்.பி.யில் செருகும் புது வைஃபை அட்டை வாங்கி, அதற்கு உங்கள் இயங்குதளத்தின் இயக்கி உண்டா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாங்கட்டில், விண்டோசைத் திரும்ப நிறுவிய உடனே இணையம் போய்விட்டால் இயக்கிதான் இல்லை என்று கொள்ளலாம். அதை வேறு பொறியில் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துப் பென் டிரைவில் கொண்டுவர வேண்டும். லினக்சில் பெரும்பாலான பழைய அட்டைகளின் இயக்கிகள் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகின்றன. பழைய பொறிகளுக்கு லினக்சைச் சொல்வதற்கு இது முக்கியக் காரணம்.

மூன்றாங்கட்டில், எக்ஸ்.பி., விண்டோஸ் 7 இரண்டிலுமே டி.சி.பி./ஐ.பி. உண்டு. அங்கே கதவு திறந்துதான் இருக்கிறது.

அப்படியானால் எங்கே சாத்தியிருக்கிறது? பெரும்பாலும் நான்காங்கட்டில். இன்றைய வலைத்தளங்களில் மிகப் பெரும்பாலானவை செய்தியை மறைகுறியாக்கி அனுப்புகின்றன. அதற்கான நெறிமுறை டி.எல்.எஸ். அதன் 1.2 பதிப்பு 2008இலும் 1.3 பதிப்பு 2018இலும் வெளிவந்தன. 1.0, 1.1 ஆகிய பழைய பதிப்புகள் 2021இல் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டன. எக்ஸ்.பி.யோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு 1.2 தெரியாது. ஆகவே கம்பி சரியாக இருந்தும், நெறிமுறை சரியாக இருந்தும், பக்கம் திறக்க மறுக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு தளம் உண்மையானதா என்று உலவி சான்றிதழைப் பார்த்து அறிகிறது. சான்றிதழுக்குக் காலவரை உண்டு. மேசைக் கணிப்பொறியின் உள்ளே கடிகாரத்துக்கென நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்று இருக்கும். அது தீர்ந்துவிட்டால் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்போது உலவி, “இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே!” என்று மறுத்துவிடும். இணையமே கெட்டுவிட்டது என்று மக்கள் நினைப்பார்கள். மருந்தோ ஒரு சிறு மின்கலம்! ஆகவே முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். (மின்கலத்தை மாற்றுவதானால் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெரியவர் ஒருவர் துணையோடு செய்யுங்கள். மின்வழங்கிப் பெட்டியையும் பழைய கண்ணாடிக்குழல் திரையையும் ஒருபோதும் திறக்காதீர்கள்.)

நேர்மாறான நிலையும் ஏற்படலாம். 2021 செப்டம்பர் 30 அன்று பல தளங்கள் நம்பியிருந்த பழைய மூலச்சான்றிதழ் ஒன்று காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல அன்று திடீரென்று சில தளங்களைத் திறக்க மறுத்தன. கருவி கெடவில்லை, அதன் கையிலிருந்த பட்டியல்தான் பழையதாகிவிட்டது.

ஆபத்தான குறுக்குவழி

இணையம் வேண்டாம், வீட்டுக்குள் இரு பொறிகளுக்கிடையே கோப்புகளைப் பகிர்ந்தால் போதும் என்று கருதலாம். எக்ஸ்.பி. இதற்கு எஸ்.எம்.பி. என்னும் முறையின் முதற்பதிப்பைப் பயன்படுத்துகிறது. 2017 இறுதிக்குப் பின் வந்த விண்டோஸ் 10 அந்த முதற்பதிப்பைத் தானாக நிறுவுவதில்லை. எனவே ஒன்றுக்கொன்று தெரியாது. புதிய பொறியில் முதற்பதிப்பைத் திறந்துவிட்டால் உடனே தெரியும். எளிய வழிதானே?

அன்று. 2017ஆம் ஆண்டு மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பொறிகள் பாதிக்கப்பட்டன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது அது. பிரிட்டனின் மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டன. அது நுழைந்த வழி, இதே எஸ்.எம்.பி. முதற்பதிப்பில் இருந்த ஓர் ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியாகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 பொறிகள். அப்போது அதற்குத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. நிறுவாமல் விட்டதே கேடாயிற்று.

ஆகவே ‘பொருந்துகிறது’ என்பது மட்டும் போதாது. ‘இன்னும் பராமரிக்கப்படுகிறது’ என்பதும் வேண்டும். எக்ஸ்.பி.க்குத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும் பொதுவாக நின்றன. அவற்றில் உலவி ஒன்று எப்படியோ ஓடினாலும், வங்கிக் கணக்கையோ கடவுச்சொல்லையோ அதில் தட்டச்சு செய்வது அறிவுடைமை ஆகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இயங்குதளத்தைத் தேடுமுன் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: நினைவகம் எவ்வளவு? செயலி 32 பிட் வகையா, 64 பிட் வகையா?

பிட் எண்ணிக்கை ஏன் முக்கியம்? 32 பிட் முகவரியால் 2இன் அடுக்கு 32, அதாவது 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் பைட்டுகளை, அதாவது 4 ஜி.பி.யைத்தான் எண்ண முடியும். அதனால் உலகம் 64 பிட்டுக்கு மாறிவிட்டது. புதிய மென்பொருள்கள் 32 பிட் பொறிகளைக் கைவிட்டு வருகின்றன. லினக்ஸ் வகைகளுள் பெயர்பெற்ற டெபியன், 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13ஆம் பதிப்பில் 32 பிட் தனிக்கணிப்பொறிகளில் நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. அதற்கு முந்திய 12ஆம் பதிப்பில் அது உண்டு. அப்பதிப்புக்கு 2028 ஜூன் வரை நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் அறிவிக்கப்பட்டுள்ளன.

64 பிட் செயலியும் 2 ஜி.பி. அல்லது அதற்கு மேல் நினைவகமும் இருந்தால், டெபியனின் இன்றைய பதிப்பை எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.கியூ.டி. போன்ற எளிய திரையமைப்போடு நிறுவலாம். அண்ணனின் மடிக்கணினி 64 பிட் செயலி உடையதாயின் இந்த வகையில் சேரும். சென்னையில் சிடாக் நிறுவனம் உருவாக்கி 2007 முதல் வெளியிட்டு வரும் பாஸ் லினக்சும் டெபியனை அடியொற்றியதே. ஆனால் மடிக்கணினியோடு அன்று வந்த பாஸ் பதிப்பை அப்படியே பயன்படுத்த வேண்டாம். அதுவும் அன்றைய உலவியைத்தான் வைத்திருக்கும்.

32 பிட் செயலியும் 1 ஜி.பி. நினைவகமும் என்றால், டெபியன் 12 போதும். உலவியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் என்று பொறுமையாகப் பயன்படுத்த வேண்டும்.

512 மெகாபைட் என்றால், இன்றைய உலவி அதில் மூச்சு விடாது. இங்கேதான் 1995இன் ஷெல் கணக்கை நினைக்க வேண்டும். நம் மேசைக் கணிப்பொறியில் எழுத்துத்திரை லினக்சை மட்டும் நிறுவி, வீட்டிலோ பள்ளியிலோ உள்ள வலுவான பொறியொன்றோடு இணைத்து, வேலையை அதனிடம் ஒப்படைக்கலாம். இதே கருத்தில் 1999 முதல் எல்.டி.எஸ்.பி. என்னும் மென்பொருளும் உள்ளது. ஒரு நல்ல பொறியைச் சுற்றிப் பல பழைய பொறிகளை முனையங்களாக அமைக்கலாம். இல்லையேல், வலையே இன்றித் தட்டச்சுப் பழகவும் நிரல் எழுதிப் பார்க்கவும் அது நெடுநாள் பயன்படும்.

எதுவும் பயன்படவில்லையா? அப்போதும் குப்பையில் போடாதீர்கள். பழைய திரைக்கண்ணாடியில் ஈயம் உண்டு. மின்னணுக் கழிவைப் பெற்று முறையாகப் பிரிக்கும் பதிவுபெற்ற இடத்தில் ஒப்படையுங்கள்.

செய்து பாருங்கள்

கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க எளிய கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் ‘பிங்’. அமெரிக்காவின் மைக் மூஸ் 1983இல் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்பதுபோல், இது ஒரு சிறு செய்தியை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும். விண்டோசில் கட்டளைச் சாளரத்திலும் லினக்சில் முனையத்திலும் இது கிடைக்கும். பிங் என்று எழுதி இடைவெளி விட்டு, கீழ்க்காணும் முகவரிகளை வரிசையாகக் கொடுங்கள்.

1. 127.0.0.1 — இது பொறி தன்னைத்தானே கூப்பிடுவது. பதில் வந்தால் நெறிமுறை உயிரோடு இருக்கிறது.

2. 192.168.1.1 — பல வீட்டு ரவுட்டர்களின் முகவரி. (சிலவற்றில் 192.168.0.1.) பதில் வந்தால் அட்டையும் இயக்கியும் கேபிளும் சரி.

3. 8.8.8.8 — வெளியுலகில் உள்ள ஒரு பொறி. பதில் வந்தால் இணையம் வீடுவரை வந்துவிட்டது.

4. எண்ணுக்குப் பதிலாக ஏதேனும் ஒரு தளத்தின் பெயர். மூன்றாவது சரியாக இருந்து இது மட்டும் தவறினால், பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். அமைப்பில் பிழை.

நான்கும் சரியாக இருந்தும் உலவி திறக்கவில்லையென்றால் குற்றம் நான்காங்கட்டில்தான். தேதியைப் பாருங்கள், பிறகு உலவியின் பதிப்பைப் பாருங்கள்.

புதிய இயங்குதளத்தை நிறுவுமுன் மற்றொரு சோதனையும் செய்யுங்கள். அதைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே பொறியைத் தொடக்கிப் பாருங்கள். வன்தட்டில் ‘நிறுவு’ என்னும் கட்டளையை மட்டும் தராதீர்கள். வைஃபை வருகிறதா, திரை சரியாகத் தெரிகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தபின் முடிவு செய்யலாம். நிறுவ முடிவு செய்தால், அண்ணனின் பழைய படங்களையும் பாடக்குறிப்புகளையும் முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிடுங்கள். மென்பொருளை மறுபடி பெறலாம். அவற்றைப் பெற முடியாது.

சிந்திக்க

ஒரே எக்ஸ்.பி. பொறியில் ஓர் உலவி திறக்க மறுக்கும் பக்கத்தை மற்றோர் உலவி திறக்கிறது. இதிலிருந்து எந்தக் கட்டில் குறை என்று சொல்வீர்கள்?

192.168.1.1 பதில் தருகிறது, 8.8.8.8 தரவில்லை. புதிய வலையட்டை வாங்குவது பயன் தருமா?

விடைகளை நண்பர்களோடு விவாதியுங்கள். வீட்டிலோ பள்ளியிலோ மூலையில் கிடக்கும் பொறி ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, முதற்கதவிலிருந்து தொடங்குங்கள்.